கயிற்றின் மறுமுனை: மன்னார் வளைகுடாக் குளியாளரும் ஆபத்துச் சமிக்ஞைகளின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

மூச்சடக்கி முத்துக்குளித்தவர்கள் தமக்கு நேரும் இடரைப் படகிலிருந்தோருக்குக் கயிற்றின் வழியே உணர்த்தினர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவிய ஸ்கூபா முறை அக்கயிற்றை நீக்கியது. அதன் இடத்தை நிரப்ப ஊதல், கண்ணாடி, மிதவை, ஒளிவிளக்கு, அலைபரப்பி எனப் பல கருவிகள் வந்தன. இவற்றுள் எதைத் தேர்வது என்னும் வினாவைப் பயிற்சி நூல்கள் கருவியின் திறன் பற்றிய வினாவாக அணுகுகின்றன. மறுமுனையில் யார், எதைக் கொண்டு, எவ்வளவு நேரம் கவனித்திருக்கிறார் என்பதே அவ்வினாவின் மையம் என்பதை மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாப வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்தல், சலாபம், கடல்கட்டி, கயிற்றுச் சமிக்ஞை, ஸ்கூபா, அலைபரப்பி.

முன்னுரை

நீருக்கடியில் இருப்பவரால் குரல் கொடுக்க இயலாது. உலகின் குளிதொழில்கள் அனைத்தும் எதிர்கொண்ட முதன்மைச் சிக்கல்களுள் இது ஒன்று. முத்துக்குளித்தல் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் முத்தின் வணிகத்தையும், சலாப உரிமை பற்றிய அரசியலையும், பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள் முதலிய சமூகங்களின் வரலாற்றையும் பேசியுள்ளன. எஸ். அருணாசலம் 1952இல் வெளியிட்ட தமிழகக் கடற்கரை முத்துக்குளித்தல் வரலாறு இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. ஆயினும் குளிப்பவர் ஆபத்தில் சிக்கும்போது அச்செய்தி மேலே இருப்பவரை எவ்வாறு சென்றடைந்தது என்பது தனித்து ஆராயப்பட வேண்டிய பொருளாகவே உள்ளது. இன்றும் தூத்துக்குடியில் சங்கு குளிப்போரும், யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் காற்றுக்கலத்துடன் கடலட்டை எடுப்போரும் இதே சிக்கலுடன் நாள்தோறும் கடலில் இறங்குகின்றனர்.

கொற்கையின் ஒலி

அகநானூற்றின் 350ஆம் பாடல் வலம்புரிச் சங்குக்காக மூழ்கிய பரதவர் சங்கு முழங்கத் திரும்புவதையும், ஆரவாரம் மிக்க கொற்கை அவர்களை எதிர்கொள்வதையும் காட்டுகிறது. நெய்தல் திணைப் பாடலின் உரிப்பொருளுக்கு இது பின்புலம் மட்டுமே. எனினும் குளிதொழில் சார்ந்த ஓர் ஒலிச் சமிக்ஞையைத் தமிழ் இலக்கியம் பதிவு செய்த இடம் என்னும் வகையில் இது முக்கியமானது. அங்கு ஒலிப்பது மீட்சியின் செய்தி. கடலில் இறங்கியவர் கரையேறிவிட்டார் என்பதை ஊர் அறிகிறது. அச்சங்கு ஒலிக்கும்வரை கரையிலிருந்தோர் காத்திருந்தனர் என்பது பாடலிலிருந்து நாம் உய்த்துணரக்கூடியது.

அதே கொற்கைப் பகுதியைப் பற்றி எரித்திரியக் கடல் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸ் கூறும் செய்தி முற்றிலும் வேறானது. கொல்கி எனும் அவ்விடத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்தல் நடந்ததாக அந்நூல் குறிக்கிறது. ஊர் எதிர்கொள்ளும் பரதவரும், எதிர்கொள்ள யாருமற்ற தண்டனையாளரும் ஒரே கடலில் குளித்திருக்கக்கூடும். இருவருக்கும் நீரின் ஆழம் ஒன்றே. மேலே காத்திருந்தவரின் அக்கறை ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

கயிறு எங்கே கட்டப்பட்டது?

பதினான்காம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதா பாரசீக வளைகுடாவில் நடந்த முத்துக்குளித்தலை விவரிக்கையில், குளிப்பவர் தம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்வதையும், மூச்சு முட்டும்போது அதை அசைப்பதையும், மறுமுனையைப் பிடித்திருப்பவர் அவ்வசைவை உணர்ந்து மேலே இழுப்பதையும் கூறுகிறார். தமிழ்நாட்டிலும் முத்துக்குளித்தல் பற்றிய பொதுநிலைப் பேச்சில் இடுப்புக் கயிற்றுச் சித்திரமே நிலைத்துள்ளது. மனைவியின் உடன்பிறந்தவனே கயிறு பிடிப்பான், தங்கையின் தாலிக்காக அவன் கைவிடமாட்டான் என்னும் வழக்கும் பரவலாகச் சொல்லப்படுகிறது. மைத்துன உறவின் நம்பகத்தன்மையை விளக்க மேடைகளிலும் இக்கதை எடுத்தாளப்படுவதுண்டு.

ஐரோப்பியர் எழுதிய மன்னார்ச் சலாப விவரிப்புகளை ஊன்றிப் படித்தால் வேறொரு காட்சி கிடைக்கிறது. 1797ஆம் ஆண்டின் சலாபத்தை நேரில் கண்டெழுதிய ஹென்றி லெபெக், 1803இல் நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல், 1807இல் வெளியிட்ட ஜேம்ஸ் கார்டினர் ஆகியோர் இவ்வகையில் முதன்மையானவர்கள். ஒவ்வொரு படகிலும் ஐந்து குளிகற்களும் பத்துக் குளியாளரும் இருந்தனர். ஐவர் மூழ்க, ஐவர் இளைப்பாறுவர்; பின்னர் முறை மாறும். குளியாளர் கல் கட்டிய கயிற்றை ஒரு காலின் விரல்களாலும், சிப்பி வாரும் வலைப்பையை மற்றொரு காலின் விரல்களாலும் பற்றிக்கொள்வார்; ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மறுகையால் மூக்கை அடைத்துக்கொண்டு இறங்குவார். அடித்தளத்தை அடைந்ததும் கல்லை விட்டுவிட, அது உடனே மேலே இழுக்கப்படும். சிப்பிகளைப் பையில் வாரியபின் கயிற்றைச் சுண்டி அறிவிப்பார். மேலிருப்பவர் இழுக்க, குளியாளரும் கயிற்றைப் பற்றி எழும்பி, பெரும்பாலும் பைக்கு முன்னதாகவே நீர்மட்டத்தை அடைந்துவிடுவார்.

இவ்விவரிப்புகளில் கயிறு முதன்மையாகக் கல்லோடும் பையோடும் இணைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இபின் பதூதா காட்டும் இடுப்புக் கயிறு உடலை மீட்கும் கயிறு. மன்னாரில் சிப்பியை மேலேற்றும் கயிற்றையே குளியாளர் தம் உயிர்க்கயிறாகவும் பயன்படுத்திக்கொண்டார். அதைக் கையால் பற்றும் நினைவு இருக்கும்வரைதான் அக்கயிறு அவருக்கு உதவும். நினைவு தவறியவருக்கு அது பயன்படாது.

மற்றொன்றும் உண்டு. பணி முடிந்ததற்கும் ஆபத்து நேர்ந்ததற்கும் கயிற்றின் வழியே செல்லக்கூடிய செய்தி ஒன்றே: ‘இழு’. இரண்டையும் கயிறு பிடிப்பவர் வேறுபடுத்த வேண்டிய தேவை எழவில்லை, ஏனெனில் இரண்டுக்கும் விடை ஒரே செயல். அவர் உண்மையில் வேறுபடுத்த வேண்டியிருந்தது அசைவையும் அசைவின்மையையும். வழக்கமான நேரம் கடந்தும் கயிறு சுண்டப்படாதிருப்பதே அத்தொழிலின் உண்மையான ஆபத்துச் சமிக்ஞை எனலாம்.

அவ்வாறாயின் வழக்கமான நேரம் எவ்வளவு என்பது உயிர்நிலைக் கேள்வியாகிறது. இதில் ஆவணங்கள் கடுமையாக முரண்படுகின்றன. இரண்டு நிமிடம் இயல்பு என்றும், சிலர் நான்கைந்து நிமிடம் தாங்குவர் என்றும், 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் ஆறு நிமிடம் மூழ்கியிருந்தார் என்றும் பெர்சிவல் எழுதினார். பின்னாளில் சலாபத்தை மேற்பார்வையிட்ட ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும், இலங்கை பற்றி விரிவாக எழுதிய எமர்சன் டென்னன்ட்டும் ஒரு நிமிடத்தை ஒட்டிய அளவையே இயல்பெனக் கொண்டனர்; ஒன்றரை நிமிடத்தைத் தொடுவதே அவர்கள் கணக்கில் அரிது. கூலிக்காக நாள் முழுதும் மீண்டும் மீண்டும் மூழ்கும் ஒருவருக்குப் பின்னைய அளவே பொருந்தும். ஆறு நிமிடக் கதையை நம்பும் பார்வையாளருக்குப் பாதகமில்லை. அதை நம்பிக் கயிறு பிடிப்பவர் ஒருவர் இருந்திருப்பாராயின் அவருடைய குளியாளர் பிழைத்திருக்கமாட்டார். கல்லும் பையும் போலவே இந்த ஒரு நிமிட உணர்வும் அத்தொழிலின் கருவி என்று கொள்வது தகும்.

மைத்துனக் கதையை இப்பின்னணியில் எடைபோடலாம். ஆங்கில ஆவணங்களில் ‘முண்டக்’ என எழுதப்படும் கயிறு பிடிப்பவர் உறவினராகக் குறிக்கப்படுவதில்லை. பங்கு பெறும் தொழிலாளியாகவே குறிக்கப்படுகிறார். குளியாளருக்குக் கிடைக்கும் சிப்பிப் பங்கில் அவருக்கும் ஒரு கூறு உண்டு. உறவுமுறை வழக்கு சில ஊர்களில் நிலவியிருக்கலாம். ஆனால் அதை முழுத் தொழிலுக்கும் உரிய விதியாகக் கொள்ள ஆவணங்கள் இடந்தரவில்லை. இளைப்பாறும் ஐவர் எப்போதும் படகிலேயே இருந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. கீழே உள்ளவருக்கு நேர்வதை உடனே உணரவும், குதித்து உதவவும் தகுதியானவர்கள் அவர்களே. அடுத்த முறை கீழே இருக்கப்போவதும் அவர்களே. தாலிப் பாசத்தைக் காட்டிலும் இந்த முறைமாற்று ஏற்பாடு வலுவான காப்பாக இருந்திருக்கும்.

பீரங்கியும் கடல்கட்டியும்

சலாபத்தில் வேறு சமிக்ஞைகளும் இருந்தன. அவை மிக விரிவாகவே பதிவாகியுள்ளன. இரவில் பீரங்கி வெடித்ததும் படகுகள் நிலக்காற்றில் புறப்பட்டுப் பார்களை நோக்கிச் செல்லும். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்பும். அவை கண்ணில் பட்டதும் மீண்டும் பீரங்கி வெடித்துக் கொடி ஏற்றப்படும் என்கிறார் பெர்சிவல். படகு உரிமையாளரும் வணிகரும் கரையில் கூடுவதற்கான அறிவிப்பு அது. கொற்கையின் சங்கொலியோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆயின் பீரங்கி எதிர்கொண்டது சிப்பியை. மரிச்சுக்கட்டியில் நடந்த 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எண்ணிக் கணக்கெழுதப்பட்டன. அத்தகைய கணக்கில் வல்ல நிர்வாகம் கயிற்றுச் சுண்டலை ஓரிரு தொடர்களில் கடந்துசென்றது.

ஆபத்து தொடர்பாக அரசு ஊதியம் கொடுத்து வைத்திருந்த ஒரே பணியாளர் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் எனக் கருதப்பட்ட இவரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோவும் குறிப்பிடுகிறார். எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு அவருக்கு உரியது என்கிறார். இரவில் அவர் கட்டை அவிழ்த்துவிடுவதால் திருட்டுத்தனமாக எவரும் குளிக்கத் துணிவதில்லை என்பதும் போலோவின் குறிப்பு. ஆக, அந்த மந்திரம் காவல் பணியையும் செய்தது. ஆங்கில அதிகாரிகள் இதை மூடநம்பிக்கை என எள்ளினர். ஆனால் கடல்கட்டி இல்லாமல் குளியாளர் இறங்கமாட்டார் என்பதால் ஊதியத்தை நிறுத்தவில்லை.

1797இல் குளியாளர் ஒருவர் சுறாவிடம் காலை இழந்தபோது தலைமைக் கடல்கட்டி விளக்கம் கேட்கப்பட்டார். மலையாளக் கரையிலிருந்து வந்த சூனியக்காரி ஒருத்தி எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்பது அவர் விடை. இதை லெபெக் நகைப்புடன் எழுதுகிறார். நகைப்பை விலக்கிவிட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: விபத்து நேர்ந்தபோது பொறுப்புச் சொல்ல வேண்டிய ஒருவர் அங்கிருந்தார். கல்லையும் கயிற்றையும் படகையும் அளித்தவர்களிடம் அத்தகைய விளக்கம் கேட்கப்பட்டதாக லெபெக் கூறவில்லை.

கயிறு நீங்கிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோகத் தலைக்கவசத்துடன் கூடிய குளியுடை பரவியபோது கயிறு மேலும் முதன்மை பெற்றது. காற்றுக்குழாயும் கயிறும் சேர்ந்தே சென்றன; சுண்டல்களுக்கு எண்ணும் பொருளும் வகுக்கப்பட்டன. அமெரிக்கக் கடற்படை முறையில் நான்கு சுண்டல் ‘மேலே இழு’ என்பது. நான்கு நான்காக மும்முறை சுண்டினால் ‘உடனே இழு’. இரண்டிரண்டாக மும்முறை சுண்டினால் ‘சிக்கிக்கொண்டேன், இன்னொரு குளியாளர் தேவை’. மும்மூன்றாக மும்முறையெனில் ‘சிக்கியுள்ளேன், நானே விடுவித்துக்கொள்வேன்’. மன்னாரின் ஒற்றைச் சொல் இங்கு ஒரு சிறு மொழியாக வளர்ந்திருப்பதைக் காணலாம். நீருக்கடியில் நீண்ட நேரம் இருக்க முடிந்ததால்தான் இம்மொழி தேவைப்பட்டது. ஒரு நிமிடக் குளியாளருக்கு ‘நானே விடுவித்துக்கொள்வேன்’ என்று சொல்ல நேரமேது?

1943இல் பிரான்சில் கூஸ்தோ, கான்யான் இருவரும் உருவாக்கிய காற்றுக்கருவி அனைத்தையும் மாற்றியது. காற்றைத் தம்மோடு சுமந்து செல்பவருக்குக் குழாயும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்றாயிற்று. அவ்விடுதலையே ஸ்கூபாவின் கவர்ச்சி. மறுமுனையில் ஒருவர் பிடித்திருக்கும் ஏற்பாடும் அதனுடன் கழன்றது. ‘இணைக்குளியாளர்’ என்னும் பயிற்சி விதி அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது. இருவரும் ஒன்றாகவே நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும்போது அவ்விதி பயன்படாது.

படகோட்டிகளுக்கு அறிவிக்க 1956இல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த டென்சல் டாக்கரி சிவப்பில் வெள்ளைக் கோடிட்ட கொடியை உருவாக்கினார். 1969இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சமிக்ஞை விதித்தொகுப்பு, ‘ஏ’ கொடிக்குக் குளியாளர் நீருள் இருக்கிறார், மெதுவாக விலகிச் செல்க என்னும் பொருளைத் தந்தது. முந்தைய விதித்தொகுப்பில் அதே கொடி கப்பல் வேகச் சோதனையில் உள்ளது என்று பொருள்பட்டது! இக்கொடிகள் பிறரை எச்சரிப்பவை. குளியாளரே பேசுவதற்கான கருவி இன்னும் வரவில்லை.

விமானிகளிடமிருந்து வந்த கருவிகள்

அக்கருவிகள் குளிதொழிலிலிருந்து பிறக்கவில்லை. குறிபார்க்கும் துளையுள்ள சமிக்ஞைக் கண்ணாடியும், நீரில் கரைந்து பச்சைநிறம் பரப்பும் சாயமும் இரண்டாம் உலகப்போரில் கடலில் விழுந்த விமானிகளுக்காக வழங்கப்பட்டவை. வானிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அவற்றின் அடிப்படை எடுகோள். விமானி திரும்பாவிட்டால் படைத்தளம் அறியும், தேடல் தொடங்கும். சுற்றுலாப் படகில் சென்ற ஸ்கூபா குளியாளருக்கு அந்த எடுகோள் தானாகப் பொருந்துவதில்லை.

1998 சனவரி 25இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அமெரிக்கத் தம்பதியர் இருவர் நீரிலிருக்கையிலேயே படகு கரைக்குத் திரும்பியது. ஆள் எண்ணிக்கை தவறியிருந்தது. அவர்கள் இல்லை என்பது உணரப்பட்டதே இரண்டு நாள் கழித்துத்தான். அவர்களது மிதவை உடைகளும், உதவி வேண்டி எழுதப்பட்ட குளிப்பலகையும் பின்னர்க் கிடைத்தன, அவர்கள் கிடைக்கவில்லை. எழுதுபலகையும் ஒரு சமிக்ஞைக் கருவிதான். இரண்டு நாட்களாக அதைத் தேட எவரும் புறப்படவில்லை. அந்நிகழ்வுக்குப்பின் குவீன்ஸ்லாந்து வகுத்த விதிகள் ஆள் எண்ணிக்கையைக் கடுமையாக்கின. கருவியைவிட எண்ணிக்கைக்கு முதலிடம் தந்த அத்தீர்வு வரலாற்று நோக்கில் சரியானதே.

இன்றைய தேர்வு

ஊதல் மலிவானது, எஞ்சின் ஓடும் படகில் அது கேட்காது. கண்ணாடி வெயிலை நம்பியது. நீருக்கு மேல் தலை மட்டும் தெரியும் ஒருவரை அலைகளுக்கிடையே சிறு தொலைவிலேயே கண் தவறவிடும் என்பதால், ஆளுயரத்துக்கு நிமிரும் செம்மஞ்சள் அடையாள மிதவை பகலில் மற்றெல்லாவற்றையும்விடப் பயன்மிக்கது. இரவில் அதன் இடத்தை விளக்கு பெறுகிறது. இம்மூன்றும் நான்கும் அருகில் படகு இருக்கும்போது உதவுபவை. படகே தொலைந்துவிட்டால் அலைபரப்பி ஒன்றே வழி. அதுவும் நீர்மட்டத்துக்கு வந்தபின்னரே இயங்கும். கடல்நீர் வானொலி அலையை விழுங்கிவிடும்.

அலைபரப்பிகளிலும் மறுமுனைக் கேள்வி தொடர்கிறது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1உடன் நின்றது. அதற்குப்பின் அத்தகைய கருவியை மட்டும் நம்பி இறங்கியவர் கேளாச் செவிக்குக் கூவியவரே. 406 மெகாஹெர்ட்ஸ் கருவியின் அழைப்பு செயற்கைக்கோள் வழியே கடலோரக் காவற்படையின் மீட்பு மையத்தை அடையும். ஏ.ஐ.எஸ். வகைக் கருவி சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் தெரியும். ஆனால் அதனை வாங்கும் பெட்டி இல்லாத கண்ணாடியிழைப் படகுக்கு அது ஊமைக் கருவி. தூத்துக்குடியிலோ மன்னாரிலோ குளியாளரைத் தேடி முதலில் வரக்கூடியது பெரும்பாலும் அத்தகைய படகுதான். பன்னாட்டுக் கையேடுகளின் பரிந்துரைப் பட்டியலை அப்படியே இக்கடலுக்கு எடுத்துவருவதன் குறை இங்கே வெளிப்படுகிறது.

மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. அதன் இரண்டாம் தலைமுறையில் அழைப்பு கிடைத்துவிட்டது என்னும் ஒப்புகை கடலிலிருப்பவருக்குத் திரும்ப வருகிறது. ஐரோப்பியக் கலிலியோ அமைப்பும் 2020 முதல் 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு இத்தகைய மறுமொழியை வழங்குகிறது. சுண்டியவருக்குக் கயிறு இறுகும் உணர்வு எப்படியோ, அதுபோன்றதே இவ்வொப்புகை. இஸ்ரோவின் கருவி படகுக்கானது. குளியாளர் உடலில் சுமந்து செல்வதற்கு அமைந்ததன்று. படகிலிருப்பவர் அதை இயக்க வேண்டுமாயின் குளியாளர் காணவில்லை என்பதை முதலில் அவர் அறிய வேண்டும். அதற்கு மிதவையும் விளக்கும் ஊதலும் வேண்டும். குளியாளர் எத்தனை மணிக்கு இறங்கினார் என்னும் கணக்கும் வேண்டும்.

சங்கு குளிப்போரிடையே வழங்கும் கம்ப்ரசர் முறையில் படகிலிருந்து செல்லும் காற்றுக்குழாயே கயிறாகவும் அமைகிறது. எஞ்சின் நின்றால் காற்றும் நிற்கும் என்னும் கொடிய ஆபத்து அதில் உண்டு. எனினும் குழாயைக் கவனிப்பவர் ஒருவர் படகில் இருந்தாக வேண்டிய கட்டாயமும் அதிலேயே அடங்கியுள்ளது. காற்றுக்கலத்துடன் இரவில் கடலட்டைக்கு இறங்குபவருக்கு அக்கட்டாயம் இல்லை. நீருக்கடியில் நகரும் கைவிளக்கின் ஒளியைப் படகோட்டி பின்தொடர்வதே தொடர்பு. விளக்கு அணைந்தால் மாற்றாக இரண்டாவது விளக்கு உடலில் இருக்கிறதா என்பது, எந்த அலைபரப்பியை வாங்குவது என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த சலாபங்களே இக்கரையின் இறுதி முத்துக்குளிப்புகள். 1961இல் இருபது வயதாயிருந்த குளியாளருக்கு இன்று எண்பதைக் கடந்திருக்கும். கயிற்றை எங்கே பற்றினர், இடுப்பில் கட்டும் வழக்கம் இருந்ததா, ஒரு சுண்டலுக்கும் பல சுண்டலுக்கும் பொருள் வேறுபட்டதா, மேலிருந்தவர் எதை எண்ணி நேரத்தை அளந்தார், மறுமுனையில் நின்றவர் மைத்துனனா கூலியாளா என்பனவற்றை அவர்களிடமும், அவர்களுக்குக் கயிறு பிடித்தவர்களிடமும் நேரில் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.